வாசகர் கேள்வி: மீன்தொட்டி வழிந்து கீழ் வீட்டுக் கூரை நனைந்துவிட்டது. தொட்டியை வைத்திருக்கலாமா?

செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கூடத்தில் நாலடித் தொட்டி. நீளம் 120 செ.மீ., அகலம் 50, உயரம் 50. அதில் டிஸ்கஸ் மீன்கள். கீழே அலமாரிக்குள் 75 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்தில் சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டி மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி. தொட்டியின் மூலையில் இருக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இரண்டு துவாரங்கள். ஒன்றின் வழியாகத் தண்ணீர் சம்புக்கு இறங்கும், இன்னொன்றின் வழியாக பம்ப் அதை மேலே ஏற்றும். தண்ணீர் இறங்கும்போது கொளகொளவென்று சத்தம் வந்ததால் இறங்கு பைப்பில் ஒரு பால் (ball) வால்வைப் போட்டு, அதைப் பாதி மூடி வைத்தார்கள். பிறகு கடைக்காரர் சொன்னாரென்று மணிக்கு 5,000 லிட்டர் ஏற்றும் பம்ப் ஒன்றும் வாங்கினார்கள்.

வார இறுதியில் ஜொகூர் பாரு போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பினால் வீட்டில் மின்சாரம் இல்லை. ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தது. கூடமெங்கும் தண்ணீர். அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. கீழ் வீட்டுக் கூரை வழியாகச் சொட்டி அவர்களுடைய பொய்க்கூரையும் விளக்கும் கெட்டுவிட்டன. கீழ் வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கோபப்படவில்லை. ஆனால் அவருடைய மகன் 1,800 வெள்ளிக்கு ஒரு விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்.

மறுநாள், பம்ப் பைப்பில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மடலுக்கு அடியில் கடுகளவு நத்தை ஓடு ஒன்று சிக்கியிருந்ததாம். “மட்டமான வால்வ், நல்லதாய்ப் போட்டால் தீர்ந்தது” என்கிறார் கணவர். கூடவே, சமையலறைக் குழாயிலிருந்து ஒரு லைன் இழுத்து, குறையும் தண்ணீர் தானாக நிரம்பும்படி செய்யவும் அவருக்கு ஆசை. பெரிய சம்ப் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். மீனையெல்லாம் யாருக்காவது கொடுத்துத் தொலைக்கச் சொல்கிறார் மாமியார். கீழ் வீட்டுச் செலவில் பாதியை வீவக கொடுத்துவிடும் என்று ஒரு தோழி சொல்லியிருக்கிறார். “சிங்கப்பூரில் கரண்ட் போவதே அபூர்வம், இது எங்கள் துரதிர்ஷ்டம்தானே?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அளவுகளையெல்லாம் செ.மீ. கணக்கில் எழுதி, படங்களும் வைத்திருக்கிறீர்கள். அதனால் யூகிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. பம்பிலிருந்து மேலே வரும் பைப்பின் வாய், ஓடும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கு 11 செ.மீ. கீழே இருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் கூடம் நனைந்ததற்கான காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது.

கரண்ட் போவது பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊர் முழுக்க இருட்டாவது இங்கே அபூர்வம்தான். ஆனால் உங்கள் வீட்டுக்குள் மட்டும் மின்சாரம் துண்டிக்கப்படுவது அபூர்வமில்லை. பழைய கெட்டில், ஈரமான எக்ஸ்டென்ஷன், விரிசல் விட்ட ஹீட்டர், பக்கத்தில் விழுந்த ஒரு இடி, இவற்றில் எதுவும் ஆர்சிசிபியை விழவைக்கும். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் துண்டிப்பதுதான் அதன் வேலை. அது விழுந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள், தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வீட்டில் உங்கள் உயிரைக் காப்பது அதுதான். ஆகவே பம்ப் நிற்கும் என்பதை நிச்சயமாக வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். எப்போது நிற்கும் என்பதுதான் நமக்குத் தெரியாது.

பம்ப் நின்றால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும்?

உங்கள் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். தொட்டியின் மேற்பரப்பு 120 × 50, அதாவது 6,000 சதுர செ.மீ. நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 6 லிட்டர் கீழே போகிறது.

பம்ப் நின்றவுடன் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல்விளிம்புக்கு (பல் பல்லாக வெட்டிய மேல்விளிம்புக்கு) மேலே இருக்கும் தண்ணீர் வழிந்து இறங்கும். அது கொஞ்சம்தான். உண்மையான வேலையைச் செய்வது மேலே ஏற்றும் பைப். தள்ளுவதற்கு ஆளில்லாமல் போனதும் அதே பைப் சைஃபனாக மாறி, தொட்டித் தண்ணீரை பம்ப் வழியாகவே பின்னோக்கி இழுக்கும். பைப்பின் வாய்க்குக் காற்று எட்டும்வரை இது நிற்காது. உங்கள் வாய் 11 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் 11 × 6, ஆக 66 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் பைப்புகளுக்குள்ளும் தங்கியிருப்பதைச் சேர்த்தால் 72 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சம்ப். அதன் மேற்பரப்பு 75 × 40, அதாவது செ.மீ.க்கு 3 லிட்டர். தடுப்புக் கண்ணாடிகளால் அறைக்கு அறை மட்டம் மாறினாலும், ஓடும்போது சராசரியாக 27 செ.மீ. நிறைந்திருப்பது படத்தில் தெரிகிறது. மிச்சம் 13 செ.மீ., அதாவது 39 லிட்டருக்குத்தான் இடம். வருவது 72, இடம் 39. மீதி 33 லிட்டர் தரைக்கு வந்தே தீரும். “மூன்று நாலு வாளி அள்ளினோம்” என்று நீங்கள் எழுதியிருப்பதும் இந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

இதில் செக் வால்வின் பங்கு என்ன? இத்தனை நாள் அது உங்கள் தவறான அமைப்பை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். விலை எத்தனை வெள்ளியானாலும் அதற்குள் இருப்பது ஒரு மடலும் ஒரு ரப்பர் விளிம்பும். நத்தைக் குஞ்சு, பாசிப் படலம், ஒரு மணல் துகள், எது இடையில் வந்தாலும் அது முழுதாக மூடாது. மாதக்கணக்கில் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பாகம் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: செக் வால்வை விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அது இல்லை என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடட்டும். அசைந்து மூட வேண்டிய எதையும் வெள்ளத்தைத் தடுக்கும் கடைசிக் காவலாக வைக்கக்கூடாது. இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் காவல். காலியிடம் பழுதாவதில்லை.

தீர்வுக்கு அதிகச் செலவில்லை. பைப்பின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே இருக்கும்படி உயர்த்துங்கள். 66 லிட்டர் 12 லிட்டராகிவிடும். பெட்டியிலும் பைப்பிலும் உள்ளதைச் சேர்த்தாலும் 20 லிட்டரைத் தொடாது, சம்பில் 39 லிட்டருக்கு இடம் இருக்கிறது. ஆகவே கடைக்காரர் சொன்ன பெரிய சம்ப் உங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணம் வேறு இடத்தில் தேவைப்படும், பின்னால் சொல்கிறேன்.

பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மூன்று நான்கு மி.மீ. அளவில் ஒரு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரிதான், துளையும் போட்டு வையுங்கள். ஆனால் அந்தத் துளையும் பாசியால் அடைபடும். பைப் வாய் மேலே இருப்பதற்குத் துணையாக அது இருக்கலாம், அதற்கு மாற்றாக இருக்க முடியாது.

சம்பில் எவ்வளவு தண்ணீர் வைக்கலாம் என்பதைப் பலர் தலைகீழாக முடிவு செய்கிறார்கள். பம்ப் ஓடும்போது பார்வைக்கு அழகாக ஒரு மட்டம் பார்த்து நிரப்பிவிட்டு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கிறார்கள். நீங்கள் பம்பை நிறுத்துங்கள். மேலேயிருந்து வர வேண்டியதெல்லாம் இறங்கி முடியட்டும். அந்த நிலையில் சம்பின் விளிம்புக்கு நான்கு செ.மீ. கீழே வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, எல்லாம் நிலைக்கு வந்ததும் கடைசி அறையில், அதாவது பம்ப் இருக்கும் அறையில், தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியின் வெளிப்புறம் சிவப்பு டேப் ஒட்டுங்கள். அதற்கு மேல் ஒரு குவளைகூட ஊற்றக்கூடாது. ஓடும்போது மட்டம் ஏறி இறங்குவது அந்த ஓர் அறையில்தான் தெரியும். மற்ற அறைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பாதி மூடிய வால்வ்

கடிதத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது இந்த இடத்தில்தான். உங்களுக்கு நடந்தது கீழே வழிந்த வெள்ளம். இன்னும் நடக்காதது மேலே வழியும் வெள்ளம். அதற்கான ஏற்பாடு உங்கள் தொட்டியில் முழுமையாக இருக்கிறது.

தண்ணீர் இறங்க ஒரே பைப். அதையும் பாதி மூடி, பம்ப் ஏற்றும் அளவுக்குச் சரியாக இறங்கும்படி வைத்திருக்கிறீர்கள். சத்தம் போனதற்குக் காரணம், காற்றும் தண்ணீரும் கலந்து இறங்காமல் பைப் முழுக்கத் தண்ணீராகவே, சைஃபனாக, இறங்குவதுதான். இது நல்ல முறைதான். ஆனால் இரண்டாவது வழி ஒன்று இருந்தால் மட்டுமே நல்ல முறை. பாதி மூடிய வால்வின் இடுக்கில் ஓர் இலை சிக்கினாலோ, அந்த நத்தையின் சகோதரன் வந்து அடைத்தாலோ, இறங்குவது குறையும், ஏறுவது குறையாது. பம்ப் அறை வற்றும்வரை மேல்தொட்டி நிரம்பிக்கொண்டே போகும்.

உங்கள் பம்ப் அறை 20 × 40. பம்ப் உறிஞ்சும் வாய்க்கு மேலே 16 செ.மீ. தண்ணீர். அதாவது கிட்டத்தட்ட 13 லிட்டர் மேலே போகும். மேல்தொட்டியில் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ., அதாவது 15 லிட்டருக்கு இடம். மயிரிழையில் தப்பிக்கிறீர்கள். யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல, தற்செயலாக அமைந்தது. ஆனால் இந்தக் கணக்கு எந்தத் தொட்டிக்கும் சரியாக வர வேண்டும்: பம்ப் அறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே போனாலும் மேல்தொட்டி தாங்க வேண்டும்.

இரண்டாவது வழிக்குக் கண்ணாடியில் புதுத் துளை போட வேண்டாம். அடிக்கண்ணாடி டெம்பர்ட் (சூடேற்றிப் பலப்படுத்தியது) ஆக இருந்தால் துளைக்கருவி பட்ட நொடியில் மொத்தமும் தூளாகும். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு துவாரங்கள் இருக்கின்றனவே. மேலே ஏற்றும் பைப்பை அந்தத் துவாரத்திலிருந்து எடுத்துவிட்டு, தொட்டியின் பின்பக்கம் வெளியே ஏற்றி விளிம்புக்கு மேலாக வளைத்து உள்ளே விடுங்கள். காலியான துவாரத்தை அவசர வடிகாலாக மாற்றுங்கள். இதை ஹெர்பி முறை என்பார்கள். மூன்று துவாரம் இருப்பவர்கள் பீன் அனிமல் என்ற முறைக்குப் போகலாம், அது இன்னும் பாதுகாப்பு. உங்களுக்கு இரண்டே போதும்.

அப்படிச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

முதன்மை வடிகாலில் பால் வால்வை எடுத்துவிட்டு கேட் வால்வ் போடுங்கள். பால் வால்வ் கால் சுற்றில் திறந்து மூடிவிடும், நுணுக்கமாகத் திருப்ப முடியாது. கேட் வால்வைப் பல சுற்றுகள் சுற்றலாம் என்பதால் மயிரளவு மாற்றமும் கைக்கு வரும்.

முதன்மை பைப்பின் மேல்வாய் பெட்டிக்குள் தாழ்வாக இருக்கட்டும், அவசர பைப்பின் மேல்வாய் பல்விளிம்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நிற்கட்டும். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் உயரமாவது வேண்டும், இல்லையென்றால் முதன்மை பைப் காற்றை உறிஞ்சிச் சத்தம் போடும்.

முதன்மை பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் இரண்டு, இரண்டரை செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால் பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும்போது பைப்புக்குள் இருக்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும்.

அவசர பைப்பில் வால்வ் கூடவே கூடாது, வலைமூடியும் வேண்டாம். அதன் கீழ்முனை சம்ப் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும். தண்ணீர் அதன் வழியாக வரத் தொடங்கினால் பக்கத்து அறையிலிருந்தே கேட்கும்படி சளசளக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்த வழி தேடாதீர்கள். முதன்மை வழி அடைபட்டுவிட்டது என்பதை உங்களுக்குச் சொல்லும் ஆள் அது ஒன்றுதான்.

உங்கள் இரண்டாவது துவாரம் முதல் துவாரத்தைவிடச் சிறியது என்று படத்தில் தெரிகிறது. பெரும்பாலான தொட்டிகளில் அப்படித்தான். பம்ப் ஏற்றும் முழு அளவையும் அந்தச் சிறிய துவாரம் தனியாகவே இறக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்கு சம்ப் வழியாக மணிக்கு 900 முதல் 1,500 லிட்டர் ஓடினால் தாராளம், டிஸ்கஸுக்கு அதற்கு மேல் வேகம் பிடிக்கவும் பிடிக்காது. 5,000 லிட்டர் பம்ப் என்பது பெட்டியில் அச்சடித்த எண். ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும்போது வெகுவாகக் குறையும், அப்படியும் உங்களுக்கு அதிகம்தான். நல்ல வேளையாக அது வேகம் மாற்றக்கூடிய டிசி பம்ப். குறைத்து வையுங்கள். வடிகால் எவ்வளவு இறக்கும் என்று பார்த்துத்தான் பம்ப் வாங்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் எதிர்த்திசையில் விற்கிறார்கள்.

பைப் வாங்கும்போது ஒரு தொல்லை வரும். மில்லிமீட்டர் அளவு பைப்பும் அங்குல அளவு பைப்பும் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மீன் கடையில் ஒரு வகை, புளோக்குக்குக் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையில் இன்னொரு வகை என்று கலந்து வாங்கிவிட்டு, பசையை அப்பி இணைத்தால் பிற்பாடு கசியும். தொட்டியில் இருக்கும் இணைப்பு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடித் துவாரத்தில் போடும் பல்க்ஹெட்டின் (பைப்பைக் கண்ணாடியோடு இணைக்கும் பாகத்தின்) ரப்பர் வளையம் அதன் அகன்ற விளிம்புப் பக்கம், தண்ணீர் இருக்கும் பக்கம், இருக்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனரால் முறுக்கினால் கண்ணாடி விரியும்.

சமையலறைக் குழாயிலிருந்து லைன் வேண்டாம்

உங்கள் கணவரின் இந்த ஆசைக்கு மட்டும் நான் அழுத்தமாகவே குறுக்கே நிற்கிறேன். வாளித் தண்ணீர் தீர்ந்தால் நின்றுவிடும். குழாய்த் தண்ணீர் தீராது. மிதவை ஒரு தடவை மாட்டிக்கொண்டால் 33 லிட்டரோடு முடியாது, நீங்கள் வீடு திரும்பும்வரை ஓடும். இன்னொன்று, நமது குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்காக குளோரமின் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய பழக்கம் குளோரமினுக்குச் செல்லாது. குளோரமினை முறிக்கும் மருந்து கலக்காமல் அது நேராகத் தொட்டிக்குள் பாய்ந்தால் வீடு நனைவதற்கு முன்பே மீன்கள் போய்விடும். தவிர, குடிநீர் லைனில் கிளை எடுப்பது பியூபி (பொதுப் பயனீட்டுக் கழக) உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை.

தானாக நிரப்பும் கருவி வேண்டுமென்றால் தனி வாளியும் சின்ன பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வடிகால் அடைபட்டு பம்ப் அறை வற்றும்போது, தண்ணீர் ஆவியாகிக் குறைந்துவிட்டது என்று அந்தக் கருவி நினைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்க்கத் தொடங்கும். 25 லிட்டர் வாளியானால் 13-உம் 25-உம் சேர்ந்து 38 லிட்டர் மேலே போகும். இடமோ 15 லிட்டர். அவசர வடிகால் போட்ட பிறகு இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும், வாளியைச் சிறியதாகவே வையுங்கள். சில லிட்டர் ஆவியாவதைக் கையால் ஊற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை என்பது என் கட்சி.

உப்பிய அலமாரி

நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோன விஷயம் இது. தண்ணீர், கண்ணாடி, சம்ப் எல்லாம் சேர்ந்தால் அந்த அலமாரி கிட்டத்தட்ட அரை டன் சுமக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய பலம் வராது. ரசமட்டத்தைத் தொட்டியின் மேல் விளிம்பில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். கதவு முன்பு போல மூடுகிறதா, அடிப்பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரை வாளிகளுக்கு இறக்கி, மீன்களைப் பாதுகாப்பாக வைத்து, தாங்கியை மாற்றுங்கள். சம்புக்குச் செலவழிக்க வேண்டாம் என்று சொன்ன பணம் இதற்குத்தான். இரும்புச் சட்டத் தாங்கி வாங்குங்கள். புதுத் தாங்கியில் சம்புக்கு அடியில் ஐந்து செ.மீ. விளிம்புள்ள தட்டு ஒன்றையும், அதில் பேட்டரியில் ஓடும் நீர்க்கசிவு அலாரம் ஒன்றையும் வைத்துவிடுங்கள். இவ்வளவு எடையை எந்த இடத்தில் வைத்தால் தளம் தாங்கும் என்ற சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்பதே முறை.

அலமாரித் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷனைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள், தூக்கி எறியுங்கள். புதியதைப் பக்கச் சுவரில் உயரமாக மாட்டி, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆர்சிசிபி இரண்டாம் முறையும் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை விழுந்தது ஏன் என்பது இன்னும் தெரியவில்லை. தொட்டிக் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் வட்டாரத்து வீடுகளில் ஆர்சிசிபி கட்டும்போதே இருந்திருக்கும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் தங்கள் மின்பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம், பழைய வீடுகளுக்குக் கொடுத்த அவகாசமும் 2025 ஜூலையோடு முடிந்துவிட்டது.

கீழ் வீட்டுச் செலவு

என் தொழில் தொட்டி, சட்டம் அல்ல. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். உங்கள் தோழி சொல்வது வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம். அதில் வீவக பாதியும் மேல் வீடும் கீழ் வீடும் கால் கால் பங்கும் ஏற்கும் என்பது உண்மை. அது கட்டடம் பழசாகி, குளியலறைத் தளத்தின் நீர்த்தடுப்புப் படலம் தேய்ந்து கசிவது போன்றவற்றுக்கு. உங்கள் கூடத்தில் கொட்டியது தொட்டித் தண்ணீர். அந்தத் திட்டத்தை நம்பி மாக்சிக்கின் மகனுக்குப் பதில் சொல்லாதீர்கள். கூடத்துத் தளத்தில் குளியலறையில் இருப்பது போன்ற நீர்த்தடுப்புப் படலம் போடுவதில்லை, அதனால்தான் 33 லிட்டர் இவ்வளவு சீக்கிரம் கீழே எட்டியது.

வீவக கடனோடு வரும் தீக்காப்புறுதியும் இதற்கு உதவாது. அது தீவிபத்தில் கட்டட அமைப்புக்கு ஏற்படும் சேதத்துக்கானது. தனியாக வீட்டுப்பொருள் காப்புறுதி எடுத்திருந்தால், மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் சேதம் அதில் அடங்குமா, மீன்தொட்டி வழிவது விலக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன் கீழ் வீட்டாரிடம் “எல்லாம் எங்கள் பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சில காப்புறுதிகளில் அது சிக்கலாகும். அதற்காக ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள், கூரையைப் படமெடுங்கள், இன்னொரு குத்தகையாளரிடமும் விலை கேட்போமா என்று மகனிடம் பேசுங்கள். 1,800 வெள்ளி நியாயமா இல்லையா என்பது இரண்டாவது விலைப்பட்டியல் வந்தால் தெரிந்துவிடும். பேசித் தீரவில்லை என்றால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. அதற்கும் மேலே போனால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே இரண்டு தரப்பும் நடத்திக்கொள்ளலாம். கோபப்படாத அண்டைவீட்டார் கிடைத்திருக்கும்போது அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமியாருக்கு என்ன சொல்வது?

வேலை முடிந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மூன்று சோதனைகள் செய்யுங்கள். துண்டுகளும் வாளியும் தயாராக இருக்கட்டும்.

சம்பைச் சிவப்பு டேப் வரை நிரப்பி, பம்ப் சுவிட்சை அணையுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். சம்ப் விளிம்புக்குக் கீழே நான்கு செ.மீ. மிச்சமிருக்க வேண்டும். பிறகு சுவிட்சைப் போடுங்கள். அவசர பைப் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுத் தானாக அமைதியாக வேண்டும்.

அடுத்து, பம்ப் ஓடும்போதே கேட் வால்வை முழுதாக மூடுங்கள். எல்லாத் தண்ணீரும் அவசர பைப் வழியாகவே இறங்கி, மேல்தொட்டி வழியாமல் நிற்க வேண்டும். மட்டம் ஏறிக்கொண்டே போனால் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். அது நிற்கும் வேகம்தான் உங்கள் தொட்டியின் உச்ச வேகம். கேட் வால்வைப் பழைய இடத்துக்குத் திருப்ப, மூடுவதற்கு முன்பே அதன் பிடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேட் வால்வ் மூடியிருக்கும்போதே அவசர பைப்பின் வாயையும் ஒரு துணிப்பந்தால் அடைத்து, பம்ப் அறை வற்றும்வரை பாருங்கள். அந்த 13 லிட்டரும் மேலே தங்க வேண்டும். பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் உடனே அணைத்துவிடுங்கள், வறண்டு ஓடினால் பம்ப் கெடும். துணிப்பந்தை மறக்காமல் எடுங்கள்.

மூன்றிலும் தரை நனையவில்லை என்றால் தொட்டியை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் தோற்றாலும் அதைச் சரிசெய்யும்வரை ஊருக்குப் போகாதீர்கள். பம்ப் மாற்றினாலோ, பைப் வாயைத் திருப்பினாலோ, ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) வகையை மாற்றினாலோ மூன்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஃபில்டர் சாக் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அடைபட்ட சாக்கிலிருந்து வழியும் தண்ணீர் சம்புக்குள்ளேயே விழும்படி அதன் தாங்கி விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது.

பைப்புகளைப் பசை போடாமல் முதலில் சும்மா பொருத்தி, ஓவர்ஃப்ளோ பெட்டியின் உட்பக்கம், தொட்டியின் பின்பக்கம், சம்ப் ஆகிய மூன்று இடங்களிலும் படமெடுத்து அனுப்புங்கள். அளவுகோல் படத்தில் தெரியட்டும். ஒட்டிய பிறகு அறுத்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.